பிள்ளைக்குள் ஒரு வக்கடை

“வயிற்றுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கும் வைத்தியம் செய்யலாமா?” சொறிக்கல்முனைத் தாயொருவர் எம்மிடம் கேட்டார். செய்யலாம். 1963இல் நியூசிலாந்தில் வைத்தியர் வில்லியம் லைலி கருவிலிருந்த பிள்ளைக்கு இரத்தம் ஏற்றினார். 1980களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கல் ஹரிசன் குழுவினர், சிறுநீர் வழி அடைபட்ட பிள்ளையின் சிறுநீர்ப்பையில் மெல்லிய குழாய் வைத்தனர்.

வயலில் நீர் முட்டினால் வக்கடை வெட்டி வடிக்கிறோம் அல்லவா? இக்குழாயின் வேலையும் அதுவே. ஒரு முனை பிள்ளைக்குள், மறுமுனை பன்னீர்க்குடத்துள். நழுவாதிருக்க இரு முனைகளும் பாகற்கொடிச் சுருள்போல் வளைந்திருக்கும்.

ஆயினும் நழுவும், அடைபடும். அரிதாக முழுக் குழாயும் பிள்ளையின் உடலுக்குள் போய்விடும். பன்னீர் தாயின் வயிற்றறைக்குள் கசிவதும் உண்டு. நெஞ்சில் நீர் வடிக்க வைத்த குழாயென்றால் இன்னும் கவனம் வேண்டும். பிறந்தவுடன் அதன் வாயை அடைக்காவிட்டால் வெளிக்காற்று புகுந்து நுரையீரலை அமுக்கிவிடும். பிரசவம் பார்ப்பவருக்குக் குழாய் இருப்பதே தெரியாவிட்டால்?

இடம்பெயர்ந்தவர்களுக்கு வைத்தியம் ஓரிடம், பிரசவம் வேறிடம். ஓடும்போது காணி உறுதியை மடியில் கட்டுகிறோம். கிளினிக் அட்டையை மறந்துவிடுகிறோம். இரண்டையும் ஒன்றாகக் கட்டுங்கள். எந்தக் குழாய், எங்கே, என்றைக்கு வைத்தது என்பதை அட்டையில் எழுதுவித்து, புதிய இடத்து மருத்துவமாதுவிடம் முதலில் காட்டுங்கள். நீர்க்கசிவு, காய்ச்சல், வயிற்றுநோ, துடிப்புக் குறைவு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிறந்தபின் குழாய் வெளியே தெரியாவிட்டால், “விழுந்திருக்கும்” என்று விடாமல், பிள்ளையைப் படம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.