வீடு கட்டும் கணக்குக்கு எக்ஸெல் போதுமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், திருச்சியில் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டேன். இங்கிருந்தே கணக்குப் பார்க்கணும். பையன் தனி சாஃப்ட்வேர் வாங்கலாம் என்கிறான். எக்ஸெல் போதாதா?"

வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊரில் வீடு கட்டும் அன்பர்கள் நம்மில் பலர். ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் சறுக்கலைச் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் எத்தனையோ எஸ்டிமேட் போட்டவன் நான். ஓய்வு பெற்றபின் என் வீட்டுக் கணக்கை எக்ஸெலில் வைத்தேன். கடைசியில் குழாய் வேலைக்கு ரூ. 1,40,000 என்று ஒரு வரி சேர்த்தேன். கூட்டல் சூத்திரம் அந்த வரிக்கு மேலேயே நின்றுவிட்டது. பூச்சு வேலை நடக்கும்போதுதான் பணம் பற்றாதது தெரிந்தது. வங்கியில் போட்டிருந்த டெபாசிட்டை உடைக்க வேண்டியதாயிற்று.

குற்றம் எக்ஸெலுடையது அல்ல, என்னுடையது. அதிலிருந்து மூன்று வழக்கங்களைக் கற்றேன்.

ஒன்று, ஒவ்வொரு வேலைக்கும் நான்கு பத்திகள்: மதிப்பீடு, பேசி முடித்த தொகை, கொடுத்தது, இனிக் கொடுக்க வேண்டியது. டைல்ஸுக்கு மதிப்பீடு ரூ. 1,20,000, கடையில் பேசி முடித்தது ரூ. 1,35,000, கொடுத்த முன்பணம் ரூ. 50,000 என்று வைத்துக்கொள்வோம். கொடுத்ததை மட்டும் பார்ப்பவர் இன்னும் ரூ. 70,000 கையில் இருப்பதாக மகிழ்வார். உண்மையில் ரூ. 15,000 துண்டு விழுகிறது.

இரண்டு, விலையையும் வரியையும் ஒரே இடத்தில் எழுதி, மற்றக் கட்டங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நாற்பது இடங்களில் 28 என்று அடித்து வைத்திருந்தவர் நாற்பதையும் தேடித் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

மூன்று, எழுதுபவர் ஒருவரே, மற்றவர்கள் பார்க்கலாம். வாரம் ஒருமுறை தேதியிட்டு ஒரு பிரதி சேமித்து, மொத்தத்தைக் கால்குலேட்டரிலும் கூட்டிப் பாருங்கள்.

அப்படியானால் தனி மென்பொருள் யாருக்கு? பல கைகள் சேரும் இடத்துக்கு. இரண்டு மூன்று என்ஜினீயர்கள், பல காண்ட்ராக்டர்கள், தவணை தவணையாக பில்கள், நடுவில் மாறும் வேலைகள் என்று வரும்போது, வாட்ஸ்அப்பில் சுற்றும் ஐந்து பிரதிகளில் எது கடைசிப் பிரதி என்றே தெரியாது. கட்டுமானச் செலவுக்கென்றே அமைந்த நல்ல மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும்; ஆர்டருக்கு மேல் பில் வந்தால் எச்சரிக்கும். ஆனால் அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. தினமும் விவரம் ஏற்ற ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் பணம் வீண்.

இன்னொரு குழப்பம்: டாலி முக்கியமாக வரவு செலவுக் கணக்குக்கானது; பிரைமவேரா, எம்.எஸ். புராஜெக்ட் இரண்டும் முக்கியமாக வேலையின் கால அட்டவணைக்கானவை. அவற்றை வாங்கிவிட்டால் மட்டும் பட்ஜெட் தயாராகிவிடாது.

ஆகவே தொகையின் அளவைப் பார்க்காதீர்கள், கைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். நண்பரின் வீட்டுக்கு எக்ஸெலே போதும் என்றேன்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ரயில்வேயில் அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலைக்குப் பணம் கிடையாது. எந்த மென்பொருளும் திருச்சிக்குப் போய்ச் சுவரை அளக்காது. ஊரில் இருக்கும் மைத்துனரிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, அவர் அளந்து சொன்னபிறகு பணம் அனுப்புங்கள்.