இலை எப்படி மீனாகிறது?

அமெரிக்காவில் வட கரோலினா, டென்னசி மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடர். அங்கே நடைபாதையை ஒட்டி ஓடும் ஓடைகளில் அடியில் கிடக்கும் கல் வரை தெளிவாகத் தெரியும். மரங்கள் மேலே மூடியிருப்பதால் வெயில் குறைவு. அதனால் பாசியும் குறைவு. ஆனாலும் உள்ளே புரூக் ட்ரவுட் மீன்கள் வாழ்கின்றன. நம் நீலகிரி ட்ரவுட்டைப்போல வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டவை அல்ல; அந்த மலைக்கே உரியவை. இவற்றுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? ஓடையைச் சமையலறையாக நினைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

முதலில் சரக்கு வந்து இறங்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் மேப்பிள், ஓக் இலைகள் ஓடையில் கொட்டுகின்றன. கல்லிடுக்கில் சிக்கி அடுக்கடுக்காகத் தங்குகின்றன. ஆண்டு முழுவதற்குமான சரக்கில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில் வந்துவிடும்.

அடுத்தது ஊறல். ஓரிரு நாளில் இலையிலிருந்த சர்க்கரையும் சாயமும் தண்ணீரில் இறங்கிவிடுகின்றன. மிஞ்சுவது நார். அதைப் பூச்சிகள் அவ்வளவாகச் சீண்டுவதில்லை.

பிறகுதான் முக்கியமான வேலை, புளிக்க வைப்பது. நம் வீட்டில் மாவு அரைத்த பிறகு புளிக்கும். இங்கே புளித்த பிறகே அரைப்பு. இதைச் செய்பவை நீர்ப்பூஞ்சைகள். அவற்றில் பலவற்றின் வித்துகளுக்கு நான்கு கைகள் உண்டு; ஓடும் தண்ணீரிலும் இலையைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. பற்றியதும் இழைகளை உள்ளே விட்டு நாரை இளக்குகின்றன. பூஞ்சையின் உடம்பில் இருக்கும் நைட்ரஜனால் சக்கை இலையும் சத்துள்ளதாகிறது. உண்மையில் பூச்சிக்கு இலையைவிட அதில் ஊறிய பூஞ்சைதான் நல்ல சாப்பாடு. எனக்கு இந்த ஓடையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

இப்போது அரைப்பு. ராட்சத ஸ்டோன்ஃப்ளையின் இளம்பூச்சிகளும் சில கேடிஸ்ஃப்ளை புழுக்களும் இலையைக் கடித்துத் தின்கின்றன. கரையில் ஒதுங்கிய பழைய இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சதை முழுக்கப் போய் நரம்பு மட்டும் நிற்கும். உதிர்ந்த துகளும் பூச்சிகளின் எச்சமும் கீழே போகின்றன. அங்கே வேறொரு கேடிஸ் புழு கற்களுக்கிடையே பட்டுநூலால் சல்லடை கட்டி, வரும் துகளைப் பிடித்துச் சாப்பிடுகிறது. கல்லின் மேல் படிந்த மெல்லிய பாசியைத் தட்டையான மேஃப்ளை இளம்பூச்சிகள் சுரண்டி எடுக்கின்றன.

சரக்கை நிறுத்தினால்? வட கரோலினாவின் கொவீட்டா ஆய்வுக்காட்டில் ஒரு சிற்றோடைக்கு மேல் வலை கட்டி, மூன்று ஆண்டுகள் இலை விழாமல் தடுத்தார்கள். 1997-இல் முடிவு வெளியானது. இலை தின்னும் பூச்சிகள் மட்டுமல்ல, அவற்றைப் பிடித்துத் தின்னும் பூச்சிகளும் குறைந்துபோயிருந்தன. ஆகவே கரையோர மரத்தை வெட்டுகிறவர் மீனின் சோற்றிலும் கைவைக்கிறார்.

கடைசியில் பரிமாறல். ட்ரவுட் கல் மறைவில் நீரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும், வருவதைக் கவ்வும். பொழுது சாய்ந்ததும் நிறைய இளம்பூச்சிகள் கல்லை விட்டு நீரோடு மிதந்து வரும். முழுதாக வளர்ந்த மேஃப்ளை இளம்பூச்சிகள் மேலே நீந்தி வந்து, தோலுரித்து, சிறகு விரியும்வரை நீர்ப்பரப்பில் தங்கும். மீனுக்கு அதுதான் விருந்து. தப்பிப் பறந்தவை இன்னொரு முறை தோலுரிக்கும்; சிறகு வந்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி வேறு கிடையாது. அதன் பிறகும் அவை எதையும் உண்பதில்லை.

இந்த மலைத்தொடரில் உள்ள தேசியப் பூங்காவில் உயிருள்ள இரை போட்டு மீன் பிடிக்கக் கூடாது. எனவே தூண்டில்காரர்கள் முள்ளில் இறகும் நூலும் கட்டி இந்தப் பூச்சிகளைப்போலச் செய்கிறார்கள். மீன் அடியில் மேய்ந்தால் மூழ்கும் பூச்சி. மேலே வந்து கவ்வினால் மிதக்கும் பூச்சி.

எந்தப் பூச்சிபோலச் செய்வது என்று அறிய ஓடைக்கல்லைப் புரட்டாதீர்கள். ஹெல்பெண்டர் என்னும் பெரிய சலமாண்டர் அதன் அடியில் முட்டையிடுவதால் பூங்காவில் கல்லைப் புரட்டத் தடை உண்டு. தண்ணீருக்கு மேலே நீட்டியிருக்கும் பாறைகளைப் பாருங்கள். ஸ்டோன்ஃப்ளைகள் அங்கே ஏறித் தோலைக் கழற்றிவிட்டுப் போயிருக்கும். அந்தத் தோலின் நீளத்துக்கும் நிறத்துக்கும் பொருந்தும் செயற்கைப் பூச்சியைத் தூண்டில் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டலாம்.