பிறேக் ஒயில், ஒயில் அல்ல

ஜேர்மனியில் வாழும் எம்மவர் பலருக்குக் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. முதல் பேருந்து ஓடுமுன்னரே வேலைத்தலத்தில் நிற்க வேண்டியவருக்கு அதுதான் வேலையையே காப்பாற்றித் தருகிறது. அந்தக் காரைக் கராஜில் விட்டெடுத்தால் பாதுகாப்பு உறுதி என்று நாம் நம்பிவிடுகிறோம். பழுதைச் சொல்ல மொழி போதாது. கணக்குச் சீட்டில் எழுதியிருப்பது விளங்காது. விளங்காததைக் கேட்கவோ வெட்கம்.

கராஜ்காரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்பதல்ல எமது வாதம். இங்கு கராஜ் நடத்தப் பொதுவாக மைஸ்ரர் தகுதி வேண்டும். ஆயினும் அவசரத்தில் எந்தக் கையும் பிழை விடும். உயிருக்கு ஆபத்தான மூன்று பிழைகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, சில்லுப் போல்ற். குளிர்கால ரயரும் கோடைகால ரயருமாக வருடத்துக்கு இருமுறை சில்லுகள் கழற்றப்படுகின்றன. இறுக்கம் குறைந்தால் ஓட்டத்தில் போல்ற் கழன்றுவிடும். காற்றழுத்தக் கருவியால் அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ற் நீண்டு பலமிழக்கும். பல சிறிய கார்களுக்கு 110 முதல் 120 நியூற்றன் மீற்றர் வரையான இறுக்கம் வேண்டும். உங்கள் காருக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பனர் ஒன்றை வாங்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் நீங்களே மறுபடி சரிபாருங்கள்.

இரண்டாவது, பிறேக். நாம் 'பிறேக் ஒயில்' என்கிறோம். அது ஒயில் அல்ல. அந்தத் தொட்டிக்குள் எஞ்சின் ஒயிலை ஊற்றினால் றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு, பிறேக் செயலிழக்கும். அத்துடன் பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான எல்லையோ 155 பாகைதான். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி தரைவரை இறங்கிவிடும். எனவே பல கார்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற வேண்டும். மாற்றினார்களா என்று கணக்குச் சீட்டைப் பார்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, ஒயில் வடிக்கும் போல்ற். ஒயில் மாற்றியபின் அதை இறுக்க மறந்தால் ஒயில் முழுவதும் ஒழுகி, எஞ்சின் ஓட்டத்திலேயே இறுகிவிடும். மறுநாள் காலை காரின் கீழே கறையைப் பாருங்கள். அளவுகோலை இழுத்துப் பாருங்கள். சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

ரயரின் காற்று, தவாளிப்பின் ஆழம் (சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீற்றர்), விளக்குகள், திரவ மட்டங்கள் ஆகியவற்றை எவரும் வீட்டிலேயே பார்க்கலாம். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே புகக் கூடாது. பயிலாமல் பிறேக்கைக் கழற்றவும் கூடாது. பயில விரும்பினால், கருவிகளை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குத் தரும் கராஜ்கள் இங்குண்டு.

கையில் ஒயில் படுவது படித்தவனுக்கு இழுக்கு என்ற எண்ணத்தையும் ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டோம். அதே ஊரில்தான், 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, பெற்றோல் இல்லாமல் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள் மெக்கானிக்குகள். அவர்களை நாம் அறிவாளிகளின் வரிசையில் வைத்ததில்லை. பிள்ளைகளுக்காவது, ஆண் பெண் பாராமல், சாரதிப் பத்திரத்தோடு ஸ்பனர் பிடிக்கவும் பழக்குவோம்.