வீட்டு சர்வரில் எத்தனை கதவு திறந்திருக்கிறது?

கடவுச்சொற்களைக் காத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் தகவல் கிடங்குக்குள் 2022-ல் திருடர்கள் புகுந்தார்கள். அதற்கான சாவி நான்கே பொறியாளர்களிடம் இருந்தது. திருடர்கள் அலுவலகத்தை விட்டுவிட்டு, அந்த நால்வரில் ஒருவரின் வீட்டுக் கணினியைக் குறிவைத்தார்கள். படம் பார்க்க அவர் வைத்திருந்த பிளெக்ஸ் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் புதிய பதிப்பு 2020 மே மாதமே வந்துவிட்டது. அவர் அதை நிறுவவில்லை.

பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பையிலோ சொந்தமாக சர்வர் நடத்தும் எல்லோருக்கும் இதில் பாடம் உண்டு. குடும்பப் படங்களை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்ல முடிவுதான். ஆனால் காவல் வேலையும் அப்போது நம்முடையதாகிவிடுகிறது.

அதன் முதல் படி, நம் சர்வரை வெளியாளின் கண்ணால் பார்ப்பது. ஒரு கணினியில் டிசிபி வழியில் மட்டும் 65,535 போர்ட்டுகள், அதாவது கதவுகள், உண்டு. 22-ல் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், 443-ல் இணையதளம் என ஒவ்வொரு சேவையும் ஒரு போர்ட்டில் காத்திருக்கும். கார்டன் லயன் 1997-ல் வெளியிட்ட என்மேப் என்ற இலவசக் கருவி இவற்றை வரிசையாகத் தட்டி, எது திறந்திருக்கிறது, உள்ளே எந்த மென்பொருள் பதில் சொல்கிறது என்று பட்டியலிடும். வீட்டு வைஃபையிலிருந்து ஒரு முறையும், கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பட்டியலும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். நம் வீட்டு இணைய (ஐபி) முகவரியை மட்டுமே ஸ்கேன் செய்ய வேண்டும்; அடுத்தவர் கணினியைத் தட்டிப் பார்க்க நமக்கு உரிமையில்லை.

மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துவோர் இங்கே கவனிக்க வேண்டும். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ தடுப்புச்சுவரில் மூடிவிட்டதாக நாம் நம்பும் போர்ட்டை, டாக்கர் தன் சொந்த விதிகளால் திறந்துவிடும். யுஎஃப்டபிள்யூவின் பட்டியலில் இது தெரியாது. வேறொரு கணினியிலிருந்து ஸ்கேன் செய்தால் தெரியும்.

அடுத்த படி, திறந்திருக்கும் சேவைகளின் ஓட்டைகளைத் தேடுவது. 1999 முதல் உலகெங்கும் கண்டறியப்படும் ஓட்டைகளுக்கு சிவிஇ என்ற பெயரில் எண் தருகிறார்கள். ஓப்பன்வாஸ் போன்ற ஸ்கேனர்கள் நம் மென்பொருள் பதிப்புகளை இத்தகைய பட்டியலோடு ஒப்பிடுகின்றன. ஆனால் சிவப்பு எழுத்தில் வருவதெல்லாம் ஆபத்து என்றில்லை. டெபியன் போன்ற இயங்குதளங்கள் பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே ஓட்டையை மட்டும் அடைப்பதுண்டு; எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் வீணாக அலறும்.

‘என் வீட்டை யார் தேடப் போகிறார்கள்?’ என்று இருந்துவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் உருவாக்கிய இசட்மேப், ஐபிவி4 இணையம் முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடுகிறது. தாக்குபவருக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டியதில்லை. கதவு திறந்திருந்தால் போதும்.

ஸ்கேன் முடிந்ததும் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் நேராக, இது யாருக்காகத் திறந்திருக்கிறது என்று எழுதுங்கள். குடும்பத்தாருக்கு மட்டும் என்றால் வயர்கார்டு விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள். சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே தராது. யாருக்கென்று எழுத முடியாத சேவையை அன்றே நிறுத்துங்கள். மிச்சமிருப்பவற்றைப் புதுப்பித்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடி தட்டிப் பாருங்கள்.