நெற்பயிரின் கபிலப் புள்ளிகளும் நாகக் குறைபாடும்

விதைத்து மூன்று வாரங் கழிந்த நெற்பயிரில் துருப்பிடித்தாற்போன்ற கபிலப் புள்ளிகள் தோன்றுமாயின், அதனை நோயென்று கருதிப் பங்கசு நாசினி தெளிக்க முற்படுவது இயல்பு. அது நோயன்றாயின் மருந்துக்கிட்ட பணம் வீணாவதோடு, பயிர் மட்டம் வெடிக்கும் காலமுங் கடந்துவிடும். ஆகவே, மருந்தை நாடுமுன் புள்ளியின் காரணத்தை அறிதல் வேண்டும். துத்தநாகம் எனப்படும் நாகம் பயிருக்குக் கிட்டாமையும் ஒரு காரணமாகலாம்.

மண்ணின் இயல்பு

கட்டுக்கரைக்குளத்தின் கீழ் முருங்கன் பகுதியிற் கருநிறக் களிமண் பரந்துள்ளது. கோடையில் வெடித்தும் மாரியில் வீங்கியும் வரும் இம்மண் சுண்ணாம்பும் காரத்தன்மையும் உடையது. இத்தகைய மண்ணில் நாகம் இருந்தாலும், எளிதிற் கரையாத நிலையை அடைவதால் வேருக்கு எட்டாது. நீர் நெடுநாள் தேங்கினும், பொசுபரசுப் பசளையை அளவுக்கு மிஞ்சி இட்டாலும் குறைபாடு மிகும்.

இந்தியாவின் இமயமலை அடிவாரத்துத் தராய் நிலங்களில் 'கைரா' என வழங்கிய நெல் நோய்க்குக் கிருமி எதுவுங் காரணமன்று, நாகக் குறைபாடே காரணம் என்பதைப் பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்தின் வை. எல். நேனே 1966ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

கலத்தினுள் நிகழ்வது

புரதங்களை ஆக்கும் அமினோவமிலங்களுள் திரிப்தோபன் ஒன்று. பயிர் இதனைத் தன் கலங்களில் தானே ஆக்கிக்கொள்ளும். இதிலிருந்து ஓட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் பிறக்கின்றது. கணுவிடை நீளுவதும், இலை விரிவதும், வேர் விடுவதும் பெரிதும் இப்பொருளாலேயே.

வெயில்படும் பச்சை இலையில் ஒட்சிசனின் ஒரு சிறு பகுதி எப்போதும் தீவிர வடிவத்தை அடைகின்றது. இரும்பைத் துரு அரிப்பதுபோல் அது கலத்தின் மென்சவ்வை அரிக்கும். அதனை அடக்கும் நொதியங்களுள் ஒன்று செம்பையும் நாகத்தையும் கொண்டது. நாகம் குறையுமிடத்து இக்காவல் தளரும், கலங்கள் மடியும். மடிந்த கலங்களின் கூட்டமே நாம் காணும் கபிலப் புள்ளி. வளர்ச்சிப் பொருளும் அப்பொழுது குறைவதனாற் பயிர் குட்டையாகும். கடும் வெயில் இச்சேதத்தை மிகுவிக்கும்.

தக்காளியிற் செய்யப்பட்டு 1948ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், நாகம் குறைந்த செடியில் திரிப்தோபனும் ஓட்சினும் குறைந்திருந்தன. நாகம் கொடுத்ததும் அவை மீண்டும் பெருகின. மரக்கறிச் செய்கையாளர் தக்காளி, கத்தரி ஆகியவற்றிற் சிற்றிலையும் குறுகிய கணுவிடையுங் கண்டால் இதனை நினைவுகூர்தல் நன்று.

நோய்ப் புள்ளியை வேறுபடுத்தல்

பங்கசால் உண்டாகும் கபிலப்புள்ளி நோயிலும் திரிப்தோபனுக்குப் பங்குண்டு. ஆனால் அங்கே அதன் வேலை வேறு. தாக்குண்ட இடத்திற் பயிர் அதனைச் செரோற்றோனின் என்னும் பொருளாக மாற்றிக் கலச்சுவரிற் படியச் செய்து, பங்கசு மேலும் பரவாது தடுக்க முயல்வதை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2008ஆம் ஆண்டில் விளக்கினர். அப்புள்ளி பயிர் எழுப்பிய வேலியாகும். நாகக் குறைபாட்டின் புள்ளியோ காவல் தளர்ந்ததன் அடையாளமாகும்.

நோய்ப் புள்ளி எள்வடிவானது, தனித்தனியே நிற்கும், முதிர்ந்தபின் நடுவிற் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமும் காணப்படும். நாகக் குறைபாட்டிலோ இளவிலையின் நடுநரம்பு அடிப்பாகத்தில் வெளிறும். பொடித் துருப்போன்ற புள்ளிகள் ஒன்றுசேர்ந்து படரும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாகி வயல் மேடுபள்ளமாகத் தோன்றும். கடலோரத் தாழ்நிலங்களில் இலைநுனி வெளிறிக் காய்ந்தால், உவர்த் தாக்கமோ என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. ஐயம் எழுந்தவுடன் வயலின் நீரை வடித்துச் சில நாள் ஆறவிடுக. இதனாலேயே பயிர் ஓரளவு தேறுவதுண்டு.

2. 10 லீற்றர் நீரில் 50 கிராம் நாகச் சல்பேற்றும் 100 கிராம் யூரியாவும் கரைத்து மாலையில் இலைமேற் தெளிக்குக. ஒரு வாரம் முதல் பத்து நாளில் மீண்டுந் தெளிக்கலாம்.

3. வயலின் ஒரு பாத்தியைத் தெளிக்காது விடுக. மற்றையவற்றிற் புதிய இலைகள் பசுமையாக வந்து, அப்பாத்தி மட்டும் பின்தங்கினால் நாகமே குறையென்பது உறுதியாகும். பழைய புள்ளிகள் மறையாதனவாதலாற் புதிய இலைகளையே நோக்குக.

4. அடுத்த போகத்துக்கு முன் மண்ணைப் பரிசோதிக்குக. தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோகிராம் நாகச் சல்பேற்று சிபாரிசு செய்யப்படுகின்றது. தம் வயலுக்குரிய அளவைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

5. நாகச் சல்பேற்றை மணலுடன் கலந்து தூவுக. பொசுபரசுப் பசளையுடன் கலத்தல் ஆகாது.

மடிந்த கலம் மீளாது. இனி விரியும் இலையையே காக்க முடியும். ஆதலின் விதைத்த இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை வரம்பில் நின்று பார்ப்பதோடமையாது, வயலினுள் இறங்கி இளவிலையின் அடியைப் பார்த்தல் இன்றியமையாதது.