பின்னச்சின் ஓசையும் அதன் காரணமும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின்புறத்தில் ஓசை எழுமாயின், அஃது எங்கிருந்து வருகின்றது என்பதிலும் எப்பொழுது வருகின்றது என்பதையே நாம் முதற்கண் ஆராய்தல் வேண்டும். வண்டியின் தகட்டுடல் ஓசையை எங்கும் பரப்புவதால், இடத்தை அறிவதிற் செவி எளிதில் ஏமாறும். வேளையை அறிவதில் அவ்வளவாக ஏமாறாது.

அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பெற்ற எம். ஜி. பீ. வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இத்தகைய சோதனைக்குத் தம்புள்ளை வாய்ப்பான இடம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ 9 வீதி, மாத்தளை, நாவுல வழியாக மலைநாட்டை விட்டிறங்கித் தம்புள்ளையை அடைந்து, அப்பாற் கெக்கிராவை நோக்கிச் சமநிலத்திற் செல்கின்றது. தெற்கே ஏற்ற இறக்கமும் வடக்கே சமநிலமும் உள.

ஏற்றத்தில் விசையை மிதிக்கும்போது ஊளையிட்டு, விசையைத் தளர்த்தியதும் அவ்வொலி மாறுமாயின், பின்னச்சின் பற்சக்கரங்களை ஐயுறலாம். அவற்றைப் பிரிக்குமுன் எண்ணெய் குறைந்துள்ளதா எனப் பார்த்தல் முறை. சமநிலத்தில் விசையை மிதிப்பினும் விடினும் மாறாது, வேகத்தோடு மட்டும் வளரும் உறுமல், சில்லின் பெயரிங்கையோ ரயரையோ காட்டும். வீதியின் மேற்பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் அது ரயரே. பள்ளத்தில் மட்டும் தட்டுமாயின், ஸ்பிரிங்கின் இறப்பர்களையும் புகைக் குழாயின் பிடிகளையும் நோக்குக.

ஒழுங்காக எழும் தட்டொலியை எண்ணியும் பார்க்கலாம். சில்லு ஒருமுறை சுழல்வதற்குள், கியர்ப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டு ஏறத்தாழ 4 முறை சுழலும். ஆதலின் மெதுவான தட்டு சில்லினது. விரைவான தட்டு தண்டினது.

கிளச்சை விடும்போது ‘டக்’கென ஒருமுறை ஒலிப்பதே மிகுதியாகக் கேட்கப்படுவது. தண்டின் மூட்டுகளோ டிபரன்சலின் உட்தட்டுகளோ தேய்ந்திருக்கலாம். ஆனால் கம்பிச் சில்லுள்ள வண்டியில், சில்லையும் அதன் குடத்தையும் இணைக்கும் பற்கள் தேய்ந்தாலும் இவ்வொலியே எழும். இதனை அற்பமாக எண்ணலாகாது. பிறேக் குடத்தோடு பிணைந்துள்ளது, சில்லோடன்று. அப்பற்கள் முற்றாக அழிந்தால் அச்சில்லுக்கு உந்துதலும் இல்லை, பிறேக்கும் இல்லை. மாத்தளை வீதியின் இறக்கத்தில் இதன் விளைவு யாதாகும் என்பதைக் கூறவேண்டியதில்லை.

இதற்கான சோதனை எளிது. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்துக. கைப்பிறேக்கை இழுத்தபின் சில்லை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க. குடம் அசையாது நிற்கச் சில்லு மட்டும் அசைந்தால், பற்கள் தேய்ந்துள்ளன. அவ்வண்டியை மேலும் ஓட்டுதல் தகாது.

விலையுயர்ந்த பின்னச்சைப் பிரிப்பதற்கு முன், காசு கேளாத இச்சோதனைகளைச் செய்வோமாக. கல்லூரி விழாவிற்கெனப் பழைய வண்டியில் நெடுந்தூரம் வரும் நண்பர்கள், புறப்படுவதற்கு முதல் வாரமே இவற்றைச் செய்துகொள்வார்களாயின், பணமும் மிஞ்சும், பயணமும் இனிதாகும்.