எட்டிப் பார்க்கும் நண்டு

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. மயிலத்திலிருந்து முருகன் வருவார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து இன்னும் எத்தனையோ சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேர்வார்கள். மேளம், வேட்டு, ஒலிபெருக்கி, பலூன்காரர் ஊதும் பீப்பி என்று காது அடைத்துப்போகும். இத்தனைக்கும் நடுவில் ஏதாவது ஒரு பிள்ளை கூட்டத்தை விட்டு விலகி, கரையில் ஏற்றி வைத்த போட்டின் நிழலில் குந்திக்கொண்டு மணலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஏண்டா, உடம்புக்கு என்ன? போய் எல்லார்கூடவும் விளையாடேன்" என்பார் அத்தை.

"ஒண்ணும் இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை மறுபடி மணலைப் பார்க்கும்.

உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அங்கே வேலை இருக்கிறது, அவ்வளவுதான். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து அது என்ன வேலை என்று பார்ப்போமா?

கடலிலிருந்து திரும்பியவர்கள் கரையில் வலையை விரித்து மீனைக் கழற்றும்போது, விலைபோகாத சின்னச் சின்ன உயிர்களை ஓரமாக உதறிவிடுவார்கள். அந்தக் குவியலில் கிடக்கும் ஒரு சின்னச் சங்கு திடீரென்று நடக்கத் தொடங்கும். சங்குப்பூச்சி இப்படி ஓடாது. உள்ளே இருப்பது ஒரு நண்டு. பாடப்புத்தகம் இதைத் துறவி நண்டு என்கிறது. மற்ற நண்டுகளுக்கு உடம்பு முழுக்கக் கெட்டியான ஓடு. இதற்கு முன்பாதி மட்டும்தான் கெட்டி, பின்பாதி வயிறு பஞ்சுபோல் மெத்தென்று சுருண்டிருக்கும். மீன் ஒன்று கடித்தால் கதை முடிந்தது. அதனால் செத்துப்போன சங்கின் காலி ஓட்டைத் தேடிப் பிடித்து, பின்பக்கமாக நுழைந்து குடியேறிவிடும். பத்துக் கால்களில் முன்னிரண்டு கொடுக்குகள், அடுத்த நான்கு நடக்க, கடைசி நான்கும் குட்டையானவை. ஓட்டை உள்ளிருந்து பிடித்துக்கொள்வதற்கே அவை. ஆபத்து என்றால் நண்டு சரேலென்று உள்ளே போய்க் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்ளும்.

இப்போது அந்தப் பிள்ளை செய்வதைக் கவனியுங்கள். சங்கை மெதுவாகத் தூக்குகிறது. நண்டு உள்ளே போய்விட்டது. ஈர மணலில் வைத்துவிட்டு வாய்க்குள் எண்ணுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று... முதலில் ஒரு மீசை முனை. பிறகு காம்பில் நிற்கும் இரண்டு கண்கள். பிறகு ஒரு கால். அடுத்து வேறொரு நண்டு. இது சட்டென்று வெளியே வந்து ஓட்டம் பிடிக்கிறது. இன்னொன்றோ எண்ணி எண்ணி வாய் வலித்தாலும் வருவதாக இல்லை.

இதே எண்ணிக்கையை இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்து மார்க் பிரிஃபாவும் சகாக்களும் ஆய்வுக்கூடத்தில் எண்ணினார்கள். 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு சுபாவம் இருக்கிறது என்று அதில் தெரிந்தது. தயங்கும் நண்டு திரும்பத் திரும்பத் தயங்குகிறது, துணிந்த நண்டு திரும்பத் திரும்பத் துணிகிறது. தண்ணீரில் எதிரியின் வாடையைக் கலந்து பயமுறுத்தினால் நேரம் கூடக்குறைய ஆகலாம். ஆனால் முதலில் தயங்கியவை அப்போதும் மற்றவற்றைவிடத் தயங்குபவைதான். நண்டு மூளையே இத்தனூண்டு. அதற்கே குணம் ஆளுக்கு ஆள் வேறு என்றால், நம் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே மாதிரி கை தூக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது.

மனிதர்களிடம் இது எப்போது தொடங்குகிறது? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியல் அறிஞர் நான்கு மாதக் குழந்தைகளைக் கொண்டு பார்த்தார். குழந்தையைச் சாய்த்துப் படுக்கவைத்து, கண்ணெதிரே வண்ணப் பொம்மைகளை ஆட்டினார்கள், புதுக் குரல்களைக் கேட்கவைத்தார்கள், ஆல்கஹாலில் நனைத்த பஞ்சின் நெடியை மூக்கருகே காட்டினார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு அழுதது. வளர்ந்து பெரிய வாயாடிகளாக வரப்போவது இந்தக் குழந்தைகள்தான் என்றுதானே நினைப்பீர்கள்? நேர்மாறு! பின்னால் அமைதியாக, எதையும் நின்று பார்த்துச் செய்யும் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் இவர்களில்தான் அதிகம். எல்லோரும் அப்படி ஆகவில்லை. ஆனால் அதற்கான வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. உள்ளே ரேடியோவின் திருகு சற்றுக் கூடுதலாகத் திருகி வைத்ததுபோல் இவர்களுக்கு எல்லாச் சத்தமும் எல்லாப் புதுமையும் பெரிதாகவே கேட்கிறது. மேளமும் வேட்டும் பத்து நிமிடத்தில் போதும் என்றாகிவிடும்.

எலுமிச்சைச் சோதனை ஒன்றும் உண்டு. 1967இல் உளவியல் அறிஞர்களான ஐசங்க் தம்பதியர் நாக்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஊறும் எச்சிலை எடை போட்டார்கள். தனிமையை விரும்புகிறவர்களுக்கு எச்சில் அதிகமாக ஊறியது. வீட்டில் செய்து பார்க்கலாம், சிரிக்க நன்றாக இருக்கும். நேரத்துக்கு நேரம் எச்சில் மாறுவதால் விடையை வைத்து யாருக்கும் பட்டம் கட்டாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேச ஆசைப்பட்டும் பயத்தால் பேச முடியாமல் தவிப்பது வேறு, தனியாக இருப்பதே பிடித்திருப்பது வேறு. முதலாவது உங்களை வருத்தினால் அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். இரண்டாவதற்கு மருந்து தேவையில்லை.

இயற்கை ஏன் தயங்குபவர், துணிபவர் என்ற இரண்டு வகையையும் விட்டு வைத்திருக்கிறது? நெதர்லாந்தில் சிட்டுக்குருவி அளவுள்ள ஒரு காட்டுப் பறவையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். புது இடத்தில் விட்டால் சில பறவைகள் பரபரவென்று சுற்றிப் பார்க்கும், சில நிதானமாகப் பார்க்கும். இரை கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியது. அதற்கேற்ப ஓர் ஆண்டு துறுதுறுப்பானவை அதிகம் பிழைத்தன, மற்றோர் ஆண்டு நிதானமானவை. ஒரே வகை மட்டும் இருந்திருந்தால் ஏதோ ஓர் ஆண்டில் மொத்தக் கூட்டமும் அடிவாங்கியிருக்கும்.

நிதானம் என்றதும் நம் புதுச்சேரியில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. வெறும் சோழிகளை வைத்து ஒருவர் ஆடிய கணக்கு விளையாட்டு அது. சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன், தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று அறிய ஆசைப்பட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவருக்குச் செய்து காட்டினார். காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் உட்கார்ந்து சோழிகளை வரிசையாக அடுக்குவார், நகர்த்துவார், எடுப்பார். வாய்பாடுகள் எல்லாம் சொற்களாக மனப்பாடம். எழுத்து ஒவ்வொன்றும் ஓர் எண். இப்படியே 1825 மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான்! நடு நேரத்தில் 23 நிமிடமும் முடியும் நேரத்தில் 52 நிமிடமும் தவறியது. போனால் போகட்டும், தொலைநோக்கி இல்லாமல், ஒரு வரிகூட எழுதாமல் போட்ட கணக்கு இது. அவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் அதே ஆண்டு அச்சான 'கால சங்கலித' என்ற நூலில் எழுதி வைத்தார்.

அந்த வாய்பாட்டில் நிலவுக்கு மட்டும் 248 வாசகங்கள், நாளுக்கு ஒன்றாக. ஏன் 248? நிலா பூமியை ஒரே தூரத்தில் சுற்றுவதில்லை. நமக்கு மிக அருகில் வந்த இடத்திலிருந்து விலகிப் போய் மறுபடி அருகில் வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகும். அதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். விடை 248ஐ ஒட்டி வந்து நிற்கும். அதன்பின் வாசகங்களை முதலிலிருந்து தொடங்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒருவர் எத்தனை இரவுகள் வாய் மூடி வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

உங்களுக்கும் அப்படி ஒரு விளையாட்டு வேண்டுமா? மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. சூரியன் ஊர்ப்பக்கம் மறையும் வேளையில் நிலா கடலிலிருந்து கிளம்பும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும், அதற்கு மறுநாளும் குறியுங்கள். ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தாமதமாக வருவது தெரியும். இன்னொன்று, கடலுக்குப் போகும் போட்டைக் கண்கொட்டாமல் பார்ப்பது. முதலில் போட்டின் அடிப்பாகம் மறையும், நிற்கிற ஆள் கடைசியில்தான் மறைவார். பூமி உருண்டை என்பதால் வரும் வேடிக்கை இது. கடல் மட்டத்திலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரம் என்று மீட்டரில் அளந்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் கடல் விளிம்பு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது கிடைக்கும். கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் விளிம்பு 4 கிலோமீட்டர்கூட இல்லை. முடிவில்லாத கடல் என்று கதை விடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உயரம் கூட வேண்டுமே என்று கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் மட்டும் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், அலை சொல்லிக்கொண்டு வராது.

நண்டுச் சோதனை செய்கிறவர்கள் பெரியவர் யாராவது பார்வையில் இருக்கும்போது செய்யுங்கள். ஒரே நண்டைப் பலமுறை தூக்கித் தொந்தரவு செய்ய வேண்டாம். எண்ணி முடித்ததும் நனைந்த மணலில், அலை தொடும் இடத்தில் விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது அழகாக இருக்கிறதே என்று காலிச் சங்குகளையும் பை நிறையப் பொறுக்கி வராதீர்கள். நண்டு வளர வளரப் பெரிய ஓடு தேவைப்படும். நீங்கள் எடுத்து வருவது அதன் அடுத்த வீடு.